ஒரு தூதரின் கடிதங்களைப் படிக்கத் தொடங்குவது எப்படி? ஜான் ஆடம்ஸ், லண்டன், 1785

அமெரிக்கா சுதந்திரம் அறிவித்த காலத்திலும் அதற்கு அடுத்த ஆண்டுகளிலும் ஐரோப்பிய அரசவைகளுக்குப் போன தூதர்கள் கட்டுக்கட்டாகக் கடிதம் எழுதினார்கள். பாரிஸில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், மாட்ரிட்டில் ஜான் ஜே, ஹேகிலும் லண்டனிலும் ஜான் ஆடம்ஸ், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிரான்சிஸ் டானா. இவற்றில் பெரும்பகுதி இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் ஆர்வத்தோடு திறக்கிற பலர் நாலைந்து கடிதங்களுக்குள் களைத்துவிடுகிறார்கள். யாருக்கு எழுதுகிறார், எதற்குப் பொங்குகிறார், போன கடிதத்தில் கேட்டதற்குப் பதில் வந்ததா, ஒன்றும் பிடிபடுவதில்லை.

கடிதத்தை ஒற்றையாக எடுத்துப் படிப்பதுதான் சிக்கல். தூதர் எழுதிய கடிதம் எதுவும் தனியாக நிற்காது. அதற்கு முன்னால் ஓர் உத்தரவு இருக்கும், கூடவே ஓர் இணைப்பு இருக்கும், பின்னால் ஒரு பதில் இருக்கும் அல்லது மாதக்கணக்கில் மௌனம் இருக்கும். அந்த முன்பின்னோடு படித்தால் இதைவிடச் சுவையான வரலாற்று வாசிப்பு வேறு இல்லை என்பேன். எப்படித் தொடங்குவது என்று எனக்குச் சரியெனப் படும் வரிசையில் சொல்கிறேன்.

முதல் படி: ஒரு தூதர், ஓர் அரசவை, ஓர் ஆண்டு

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள். புதியவர்களுக்கு என் பரிந்துரை, லண்டனில் ஜான் ஆடம்ஸ் இருந்த முதல் ஆண்டு. அதாவது 1785 மே மாதக் கடைசியிலிருந்து 1786 கோடை வரை.

ஏன் அவர்? ஒன்று, சூழ்நிலையே தனி. பிரிட்டனோடு போரிட்டுப் பிரிந்த நாடு, அதே பிரிட்டன் அரசரிடம் அனுப்பிய முதல் தூதர் அவர். சுதந்திரப் பிரகடனத்தை உருவாக்கிய குழுவில் இருந்தவர், அந்தப் போரை முடித்துவைத்த 1783 பாரிஸ் உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர். இன்னொன்று, ஆடம்ஸ் எதையும் மனதில் பூட்டி வைக்கத் தெரியாத மனிதர். கோபம், பெருமை, சந்தேகம் எல்லாம் எழுத்தில் வந்துவிடும். ஃபிராங்க்ளின் அவரைவிட நயமாக எழுதுவார், ஆனால் எதை மறைக்கிறார் என்று கண்டுபிடிக்கப் பழக்கம் வேண்டும். கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஆடம்ஸ்தான் சரி.

இரண்டாம் படி: நம்பகமான பிரதியைப் பிடியுங்கள்

அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ‘ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்’ தளத்திலிருந்து தொடங்குங்கள். 2013-இல் திறக்கப்பட்ட தளம். வாஷிங்டன், ஃபிராங்க்ளின், ஆடம்ஸ், ஜெஃபர்சன், ஹாமில்டன், மேடிசன், ஜே ஆகியோரின் கடிதங்கள் ஒரே இடத்தில் இருக்கின்றன. கட்டணம் இல்லை, பதிவு செய்யவும் தேவையில்லை. ஆடம்ஸ் லண்டனிலிருந்து எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு, ஜெஃபர்சன் பாரிஸிலிருந்து எழுதிய பதிலுக்கு அங்கேயே தாவலாம்.

தேடும்போது சொல்லைக் கொண்டு தேடாமல் ஆளையும் தேதியையும் கொண்டு தேடுங்கள். அந்தக் கால எழுத்துக்கூட்டல் ஒரே சீராக இருக்காது, ஒரே ஊர்ப்பெயர் இரண்டு மூன்று விதமாக வரும். எழுதியவர் ஜான் ஆடம்ஸ், பெறுபவர் ஜான் ஜே, தேதி 1785 மே முதல் டிசம்பர் வரை என்று கொடுத்தாலே முதல் சுற்றுக்குப் போதுமான கடிதங்கள் வந்துவிடும்.

பழைய அச்சுப் பதிப்புகளும் கண்ணில் படும். ஆடம்ஸின் பேரன் சார்ல்ஸ் ஃபிரான்சிஸ் ஆடம்ஸ் 1850-களில் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது அதில் ஒன்று, எட்டாவது தொகுதியில் லண்டன் கடிதங்கள் நிறைய உண்டு. பதிப்புரிமை முடிந்த நூல் என்பதால் எளிதாகத் தரவிறக்கலாம், எழுத்துக்கூட்டலும் திருத்தப்பட்டிருக்கும் என்பதால் படிக்கவும் வசதி. ஆனால் மேற்கோள் காட்டுவதற்கு 19-ஆம் நூற்றாண்டுப் பதிப்புகளை நம்பாதீர்கள். ஜாரெட் ஸ்பார்க்ஸ் 1829-30-இல் 12 தொகுதிகளாகக் கொண்டுவந்த புரட்சிக் காலத் தூதர் கடிதங்களில், முகம் சுளிக்க வைக்கும் வரிகளை நீக்கியும் நடையைத் திருத்தியும் இருக்கிறார். 1889-இல் பிரான்சிஸ் வார்ட்டன் புதிய பதிப்பு போட்டதற்கு அதுவும் ஒரு காரணம். படிக்க எதையும் படியுங்கள், சரிபார்க்க நவீனப் பதிப்புக்கு வாருங்கள்.

மூன்றாம் படி: ஆட்களையும் வழக்கையும் தெரிந்துகொள்ளுங்கள்

ஆள் பட்டியல் சின்னதுதான். ஜான் ஜே, நியூயார்க்கில் இருந்த வெளியுறவுச் செயலாளர், ஆடம்ஸின் அலுவல் கடிதங்கள் அவருக்குத்தான். கார்மார்தன் பிரபு, பிரிட்டனின் வெளியுறவுச் செயலாளர். வில்லியம் பிட், பிரதமர், அப்போது வயது 26. தாமஸ் ஜெஃபர்சன், பாரிஸில் அமெரிக்கத் தூதர், ஆடம்ஸின் நண்பர். வில்லியம் ஸ்டீஃபன்ஸ் ஸ்மித், தூதரகச் செயலாளர், 1786 ஜூனில் ஆடம்ஸின் மகளையே திருமணம் செய்துகொண்டவர். அப்புறம் ஆடம்ஸின் மனைவி அபிகெயில் ஆடம்ஸ். அவரை விட்டுவிட்டால் பாதி லண்டன் போய்விடும்.

வழக்கு என்ன? 1783 உடன்படிக்கையை இரண்டு பக்கமும் முழுதாக நிறைவேற்றவில்லை. 7-ஆவது பிரிவின்படி பிரிட்டிஷ் படைகள் அமெரிக்க மண்ணைக் காலி செய்திருக்க வேண்டும். டெட்ராய்ட், நயாகரா, ஆஸ்வீகோ போன்ற எல்லைக் கோட்டைகளை விட்டு அவை நகரவில்லை. போகும்போது அடிமைகளைக் கொண்டுபோகக் கூடாது என்றும் அதே பிரிவு சொன்னது. ஆனால் பிரிட்டிஷாரை நம்பி வந்து விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் அவர்களோடு கப்பலேறியிருந்தார்கள். அவர்களை உடைமையாகக் கணக்கிட்டு ஈடு கேட்பதும் ஆடம்ஸின் பணிகளில் ஒன்று. கடிதங்களில் இது ‘சொத்து’ விவகாரமாக ஒரு வரியில் கடந்துபோகும். அந்த வரியில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும்.

மறுபக்கம், 4-ஆவது பிரிவின்படி பிரிட்டிஷ் வணிகர்கள் போருக்கு முந்தைய கடன்களை வசூலிக்க எந்தத் தடையும் இருக்கக் கூடாது. அமெரிக்க மாநிலங்கள் பல, தடைச் சட்டம் போட்டிருந்தன. இதோடு வணிகமும் சேர்ந்தது. 1783 ஜூலையில் பிரிட்டன் போட்ட ஆணை, அமெரிக்கக் கப்பல்களை மேற்கிந்தியத் தீவு வணிகத்திலிருந்து வெளியேற்றியிருந்தது. கோட்டை, கடன், கப்பல். இந்த மூன்றும் தெரிந்தால் ஆடம்ஸின் கடிதங்களில் முக்கால்வாசி விளங்கிவிடும்.

நான்காம் படி: தேதி அட்டவணை ஒன்று போடுங்கள்

இதைச் செய்யாமல் மேலே போகாதீர்கள். ஒரு தாளில் நான்கு பத்திகள்: எழுதிய தேதி, யாருக்கு, எதற்குப் பதில், போய்ச் சேர்ந்த தேதி. கடைசிப் பத்தி பல நேரம் காலியாக இருக்கும், பரவாயில்லை. அடுத்த கடிதத்தில் “உங்கள் இன்ன தேதிக் கடிதம் நேற்றுக் கிடைத்தது” என்று வரும்போது நிரப்பிக்கொள்ளலாம்.

அட்லாண்டிக்கைக் கடக்கப் பாய்மரக் கப்பலுக்குக் கிழக்கு நோக்கி ஒரு மாதம், ஒன்றரை மாதம். மேற்கு நோக்கி எதிர்காற்றில் இரண்டு மாதமும் ஆகும். ஆக, ஒரு கேள்வி போய்ப் பதில் வர நான்கு மாதம் என்பது நல்ல வேகம். அதற்குள் லண்டனில் நிலைமை மாறியிருக்கும், நியூயார்க்கிலும் மாறியிருக்கும். ஜே கேட்காததை ஆடம்ஸ் செய்கிறார் என்றோ, சொன்னதைச் செய்யவில்லை என்றோ தோன்றும் இடங்களில் முதலில் அட்டவணையைப் பாருங்கள். அந்த உத்தரவு அவர் கைக்கு இன்னும் வந்தே சேர்ந்திருக்காது.

இந்தத் தாமதம் எவ்வளவு கொடியது என்பதற்குச் சாட்சி நம் கடலூரில் இருக்கிறது. அமெரிக்கப் போர் பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் இடையேயான போராகவும் வளர்ந்து இந்தியா வரை வந்திருந்தது. இரு நாடுகளும் முதற்கட்ட அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1783 ஜனவரி 20. அந்தச் செய்தி தெரியாமல் ஜூன் 13 அன்று கடலூருக்கு வெளியே இரு படைகளும் மோதின, ஜூன் 20 அன்று கடலிலும் சண்டை நடந்தது. ஐந்து மாதம் முன்பே முடிந்துபோன போரில் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். ஆடம்ஸின் கடிதங்களில் வரும் தேதிகளை வெறும் எண்ணாகப் பார்க்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தாமதத்துக்குக் கடல் மட்டும் காரணமில்லை. கோட்டைகளைக் காலி செய்யச் சொல்லி ஆடம்ஸ் தயாரித்த கோரிக்கை மனுவின் தேதி 1785 நவம்பர் 30. அதே ஊரில் இருக்கும் கார்மார்தன் பதில் எழுதியது 1786 பிப்ரவரி 28. மூன்று மாதம்! அலுவலகத்தில் கிடந்த காலத்தையும் அட்டவணையில் குறியுங்கள், மௌனமும் ஒரு பதில்தான்.

ஐந்தாம் படி: முதல் கடிதமாக 1785 ஜூன் 2-ஐ எடுங்கள்

ஜூன் 1 அன்று செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் பிரிட்டன் அரசர் மூன்றாம் ஜார்ஜிடம் ஆடம்ஸ் தன் நியமனச் சான்றைக் கொடுத்தார். மறுநாள் ஜேவுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் அதை அப்படியே விவரிக்கிறார். இதை மெதுவாக, இரண்டு முறை படியுங்கள்.

முதல் முறை காட்சிக்காக. பேசாமல் சான்றைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் ஆடம்ஸ் நினைத்திருந்தார். உரை நிகழ்த்தியே ஆக வேண்டும், அதுவும் முடிந்தவரை இதமாக இருக்க வேண்டும் என்று மற்ற தூதர்கள் சொன்னார்கள். கார்மார்தனின் வண்டியில் அரண்மனைக்குப் போகிறார். முன்னறையில் அமைச்சர்களும் பிரபுக்களும் ஆயர்களும் நிறைந்திருக்கிறார்கள், எல்லார் கண்ணும் அவர் மேல். சுவீடன், டச்சுத் தூதர்கள் வந்து பேச்சுக் கொடுத்துச் சங்கடத்தைப் போக்குகிறார்கள். பிறகு அரசரின் தனியறை. கதவு சாத்தப்படுகிறது. உள்ளே அரசர், கார்மார்தன், ஆடம்ஸ் மூவர் மட்டும். வாசலில் ஒரு வணக்கம், பாதி வழியில் ஒன்று, அரசர் முன் ஒன்று. கடல் பிரித்தாலும் அரசு வேறானாலும் ஒரே மொழியும் ஒத்த சமயமும் உறவு ரத்தமும் கொண்ட இரு மக்களிடையே பழைய நல்லிணக்கம் திரும்ப வேண்டும் என்று பேசுகிறார். அரசர் தன்னைவிட அதிக நடுக்கத்தோடு பதில் சொன்னார் என்று எழுதுகிறார். பிரிவுக்குக் கடைசியாகச் சம்மதித்தவன் நான், பிரிவு நடந்த பிறகு சுதந்திர நாடாக உங்கள் நட்பை ஏற்பதில் முதல்வனாக இருப்பேன் என்பது அந்தப் பதிலின் சாரம்.

இரண்டாம் முறை, தூதரின் கைவேலையைப் பார்க்கப் படியுங்கள். மூன்று இடங்களில் நிறுத்துங்கள். அரசரின் சொற்களைத் தந்த கையோடு, இவை அச்சு அசலான சொற்கள் என்று சொல்லத் துணியமாட்டேன், பொருளையே எங்காவது தவறாக எடுத்திருக்கலாம் என்கிறார் ஆடம்ஸ். அரசர் தயங்கித் தயங்கிப் பேசினாராம், இவரும் உணர்ச்சிவசப்பட்டிருந்தாராம். பாடநூல்கள் மேற்கோள் குறிக்குள் போடும் அந்தப் புகழ்பெற்ற வரிகளுக்கு அதை எழுதியவரே வைத்த வரம்பு இது.

அடுத்து, அரசர் சிரித்துக்கொண்டே, நீங்கள் பிரான்ஸ்மீது அவ்வளவு பற்றுள்ளவர் இல்லை என்று சிலர் சொல்கிறார்களே என்கிறார். எனக்கு என் நாட்டைத் தவிர வேறு பற்று இல்லை என்று ஆடம்ஸ் பதில் தருகிறார். நேர்மையானவனுக்கு வேறு பற்று இருக்காது என்று அரசர் முடிக்கிறார். இந்த உரையாடலை ஆடம்ஸ் ஏன் இவ்வளவு கவனமாகப் பதிவு செய்கிறார்? காங்கிரஸில், அதாவது அமெரிக்க மாநிலங்களின் பொது அவையில், பிரான்ஸை ஆதரிப்பவர்களும் இருந்தார்கள், பிரிட்டன் பக்கம் யாராவது சாய்ந்துவிடுவார்களோ என்று பயந்தவர்களும் இருந்தார்கள். இந்தக் கடிதம் அவர்கள் கையிலும் போகும் என்று அவருக்குத் தெரியும்.

மூன்றாவது இடம் கடிதத்தின் முடிவில். அரசரே இவ்வளவு மதிப்புக் கொடுத்ததால் என் லண்டன் வாசம் நினைத்த அளவுக்கு வேதனையாக இராது, ஆனால் என் பணி வெற்றிபெறுமா என்பது பற்றி இதிலிருந்து எதையும் முடிவுகட்ட முடியாது என்கிறார். அடுத்த மூன்று ஆண்டுகள் அவர் சொன்னதை அப்படியே மெய்ப்பித்தன. கோட்டைகள் காலியாகவில்லை, வணிக ஒப்பந்தம் வரவில்லை. பிரிட்டன் அமெரிக்காவுக்குத் தன் தூதரை அனுப்பியதே 1791-இல்தான்.

ஆறாம் படி: கடிதத்தின் அடியில் இருக்கும் குறிப்பைப் படியுங்கள்

நவீனப் பதிப்பில் ஒவ்வொரு கடிதத்தின் கீழும் மூலக் குறிப்பு இருக்கும். பெறுநருக்குப் போன பிரதியா, அனுப்பியவர் தன் நகல் ஏட்டில் எழுதி வைத்ததா, வரைவா, இரண்டாம் படியா என்று சுருக்கெழுத்துகளில் சொல்லும். ஆர்சி என்றால் பெறுநர் பிரதி, எல்பிசி என்றால் நகல் ஏட்டுப் பிரதி, டிஎஃப்டி என்றால் வரைவு. பிசிசி என்று வந்தால் காங்கிரஸின் ஆவணத் தொகுப்பு. அதன் 84-ஆம் எண் வரிசை ஆடம்ஸின் கடிதங்களுக்கு உரியது. நகல் ஏட்டில் ஒரு வரி இருந்து, அனுப்பிய பிரதியில் அது இல்லையென்றால் தூதர் மனம் மாறியிருக்கிறார் என்று பொருள். அத்தகைய இடங்களைப் பதிப்பாசிரியர்கள் பெரும்பாலும் குறித்திருப்பார்கள்.

ஏன் இத்தனை பிரதிகள்? கப்பல் மூழ்கலாம், எதிரி பிடிக்கலாம். அதனால் முக்கியமான கடிதத்தை இரண்டு மூன்று படியெடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்பினார்கள். போர்க்காலத்தில் கடிதப் பையில் கனம் சேர்த்து வைப்பார்கள், பிடிபட்டால் கடலில் எறிய. நெதர்லாந்துக்குப் புறப்பட்ட அமெரிக்கத் தூதர் ஹென்றி லாரன்ஸுக்கு 1780 செப்டம்பரில் அப்படித்தான் நேர்ந்தது. நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகே பிரிட்டிஷ் கப்பல் துரத்திப் பிடித்தபோது பையைக் கடலில் வீசினார். அது உடனே மூழ்கவில்லை. பிரிட்டிஷ் மாலுமிகள் எடுத்துவிட்டார்கள். உள்ளே டச்சுக்காரர்களோடு செய்வதாக இருந்த உடன்படிக்கையின் வரைவு. பிரிட்டன் அந்த டிசம்பரில் நெதர்லாந்துமீது போர் அறிவிக்க அதையே ஒரு சாக்காக்கிக்கொண்டது. லாரன்ஸ் லண்டன் கோட்டைச் சிறையில் ஓராண்டுக்கு மேல் கிடந்தார்.

அமைதிக்காலத்திலும் தபால் பாதுகாப்பாக இல்லை. லண்டன் அஞ்சலகத்தில் வெளிநாட்டுக் கடிதங்களைப் பிரித்துப் படிக்கத் தனிப் பிரிவே இருந்தது, பிரான்ஸிலும் இருந்தது. எனவே ஆடம்ஸும் ஜெஃபர்சனும் நம்பிக்கையான பயணிகள் கையில் கொடுத்தனுப்பினார்கள், தேவைப்பட்ட இடத்தில் எண் சங்கேதம் பயன்படுத்தினார்கள். பதிப்புகளில் அவிழ்த்த பகுதி பெரும்பாலும் சாய்வெழுத்தில் இருக்கும். எந்தச் சொற்களை மட்டும் சங்கேதத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள், அவர்களுக்கு யார்மேல் பயம் என்பது தெரிந்துவிடும். ஆடம்ஸுக்குச் சங்கேதம் சரிப்பட்டு வந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் காங்கிரஸ் உறுப்பினர் ஜேம்ஸ் லவல் வகுத்துக் கொடுத்த முறையைக் கடைசிவரை அவரால் கையாள முடியவில்லை.

சுருக்கங்களைப் பற்றி ஒரே ஒரு குறிப்பு. தேதியோடு ‘இன்ஸ்ட்’ என்று வந்தால் இந்த மாதம், ‘அல்ட்’ என்று வந்தால் போன மாதம். அட்டவணை போடும்போது இது தெரியாவிட்டால் எல்லாம் ஒரு மாதம் தள்ளிப்போகும்.

ஏழாம் படி: ஒரே வாரத்தில் வேறு யாருக்கு என்ன எழுதினார்?

எனக்கு மிகப் பிடித்த படி இதுதான். அலுவல் கடிதத்தைப் படித்ததும், அதே நாட்களில் அவரும் அவர் வீட்டாரும் எழுதிய மற்றக் கடிதங்களைத் தேடுங்கள்.

1786 பிப்ரவரியில் வட ஆப்பிரிக்க அரசான திரிப்போலியின் தூதர் அப்துர்ரஹ்மான் லண்டனில் இருந்தார். மத்தியதரைக் கடலில் அமெரிக்கக் கப்பல்களைப் பிடிக்காமல் இருக்க வட ஆப்பிரிக்க அரசுகளுக்குப் பணம் கொடுப்பதா என்பது பெரிய பிரச்சினை. ஆடம்ஸ் அவரைப் பார்க்கப் போனதை ஜேவுக்கும் எழுதுகிறார், ஜெஃபர்சனுக்கும் எழுதுகிறார். ஜெஃபர்சனுக்கு எழுதும்போது நடை குதூகலிக்கிறது. தரையில் கிண்ணம் படியும் அளவுக்கு நீண்ட புகைக்குழாயை வாங்கி, அந்த ஊர்க்காரரைப் போலவே ஆடம்ஸ் இழுத்தாராம். தூதரின் செயலாளர் மகிழ்ச்சி தாங்காமல், ஐயா நீங்கள் துருக்கியரேதான் என்று பிரெஞ்சில் கூவிவிட்டாராம். அடுத்த மாதம் ஜெஃபர்சனே லண்டன் வந்தார். இருவரும் சேர்ந்து பேசிவிட்டு மார்ச் 28 அன்று ஜேவுக்கு எழுதிய கூட்டுக் கடிதத்தில் குதூகலமெல்லாம் போய் எண்கள் நிற்கின்றன: நிரந்தர அமைதிக்கு 30,000 கினி (அன்றைய பிரிட்டிஷ் தங்கக் காசு), அதற்கு மேல் தூதருக்கு நூற்றுக்குப் பத்து. வட ஆப்பிரிக்க அரசுகள் அனைத்துக்குமாகக் காங்கிரஸ் அனுமதித்திருந்ததே 80,000 டாலர்தான். தனிக் கடிதத்தின் சிரிப்பையும் கூட்டுக் கடிதத்தின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அந்தச் சந்திப்பு முழுதாகத் தெரியும்.

அபிகெயிலின் கடிதங்களையும் இப்படியே படிக்க வேண்டும். 1785 ஜூனில் அவர் அரசவையில் அறிமுகமானதைத் தன் அக்கா மேரி கிரான்ச்சுக்கு எழுதியிருக்கிறார். நான்கு மணி நேரம் நின்றது, இருநூறு பேர் வட்டமாக நிற்க அரசர் ஒருபுறமும் அரசி மறுபுறமும் வந்தது, இன்று நடந்துவிட்டு வந்தீர்களா என்று அரசர் கேட்டது, அரசி முகத்தில் தெரிந்த சங்கடம் எல்லாம் அதில் உண்டு. அரசவையின் வெப்பநிலை தெரிய வேண்டுமென்றால் அபிகெயிலிடம்தான் போக வேண்டும். குரோவனர் சதுக்கத்தில் வீடு பிடித்தது, விலைவாசி, தூதர் சம்பளத்தைக் காங்கிரஸ் ஆண்டுக்கு 9,000 டாலராகக் குறைத்ததால் வந்த இழுபறி எல்லாமே இவர் கடிதங்களில் இருக்கின்றன. பணக்கணக்கு இல்லாத தூதர் வாழ்க்கை கிடையாது, அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

எட்டாம் படி: எதிர்த்தரப்பைக் கேளுங்கள்

தூதர் எழுதும் உரையாடலில் தூதரே எப்போதும் சிறப்பாகப் பேசுவார். 1785 ஆகஸ்ட் 25 தேதியிட்டு ஜேவுக்கு எழுதிய கடிதத்தில் பிட்டோடு நடந்த பேச்சைத் தருகிறார். திமிங்கில எண்ணெய்க்கு வரி போட்டு எங்களை ஒதுக்குகிறீர்கள், உங்கள் தெருவிளக்குகள் நள்ளிரவுக்கு முன்பே மங்கி இரண்டு மணிக்கெல்லாம் அணைந்துவிடுகின்றன, எங்கள் எண்ணெயை வாங்குவதைவிடத் தெருவில் இருட்டும் கொள்ளையும் கொலையும் மேல் என்று நினைக்கிறீர்களே என்கிறார். அருமையான பேச்சு. ஆனால் அறையில் அந்தச் சொற்களே இதே கோர்வையில் வந்தனவா என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். பிட்டின் பதில்கள் எவ்வளவு சுருக்கமாகத் தரப்பட்டிருக்கின்றன என்றும் பாருங்கள்.

எதிர்த்தரப்பின் வலுவான குரல் கார்மார்தனின் அந்த 1786 பிப்ரவரி 28 பதில். கோட்டைகள் விஷயத்தில் எங்கள் கடமையை ஒப்புக்கொள்கிறோம், ஆனால் உடன்படிக்கை ஒருதரப்புக்கு மட்டுமா என்று கேட்டு, எந்தெந்த மாநிலம் எந்தெந்தச் சட்டத்தால் கடன் வசூலைத் தடுக்கிறது என்ற பட்டியலை இணைக்கிறார். இந்த இணைப்பைக் கட்டாயம் படியுங்கள், சுவையில்லாத பட்டியல் என்றாலும் திருப்புமுனையே அதுதான். ஆடம்ஸின் தொனி அதன் பிறகு மாறுகிறது. பிரிட்டனைக் குற்றம் சாட்டியவர், மாநிலங்கள் அந்தச் சட்டங்களை நீக்கியே ஆக வேண்டும் என்று ஜேவிடம் மன்றாடத் தொடங்குகிறார். ஜேவும் ஆராய்ந்து, 1786 அக்டோபர் 13 அன்று காங்கிரஸுக்குக் கொடுத்த அறிக்கையில் நம் மாநிலங்கள் உடன்படிக்கையை மீறியது உண்மை என்று ஒப்புக்கொண்டார். மாநிலங்கள் சட்டங்களை நீக்க வேண்டும் என்று காங்கிரஸ் தீர்மானம் போட்டது 1787 மார்ச் 21. ஆடம்ஸின் மனுவிலிருந்து எண்ணிப் பாருங்கள், ஏறக்குறைய பதினாறு மாதம். மாநிலங்களைக் கட்டுப்படுத்த முடியாத மத்திய அரசால் வெளிநாட்டில் பேரம் பேச முடியாது என்ற பாடம் இந்தக் கடிதப் போக்குவரத்தில் கண்முன்னே உருவாகிறது. அதே ஆண்டு கோடையில் பிலடெல்பியாவில் புதிய அரசியலமைப்பு எழுதப்பட்டபோது, உடன்படிக்கைகளும் நாட்டின் மேலான சட்டம் என்ற விதி அதில் இடம்பெற்றது.

பிரிட்டிஷ் பக்க மூலங்களுக்குள் போக விரும்பினால் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகமும், மூன்றாம் ஜார்ஜின் தாள்களை இணையத்தில் ஏற்றிவரும் விண்ட்சர் அரச ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. ஆனால் அது அடுத்த கட்டம்.

ஒன்பதாம் படி: பின்னாளைய நினைவுகளை எடைபோடுங்கள்

1786 மார்ச்சில் ஆடம்ஸ் ஜெஃபர்சனை அரசவைக்கு அழைத்துப் போனபோது மூன்றாம் ஜார்ஜ் இருவருக்கும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார் என்ற கதையை எங்கும் படிக்கலாம். மூலத்தைத் தேடிப் போனால், அந்த வாரங்களின் கடிதங்களில் அப்படி எதுவும் இல்லை. ஜெஃபர்சன் 1821-இல், 77 வயதில் எழுதிய தன்வரலாற்றில், இதைவிட அன்பற்ற வரவேற்பு இருக்க முடியாது என்ற அளவில் சொல்கிறார். முதுகு திரும்பிய காட்சி வருவது அதற்கும் பிறகு, ஆடம்ஸின் பேரன் எழுதியதில். எது எப்போது எழுதப்பட்டது என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் இப்படிப்பட்ட கதைகள் தாமாகவே பிரிந்து நிற்கும். சம்பவத்தன்று எழுதியதும் தவறலாம்தான், ஆனால் முப்பத்தைந்து வருடம் கழித்து எழுதியதற்கு அதைவிடக் கூடுதல் சோதனை வேண்டும்.

லண்டனுக்குப் பிறகு

ஓராண்டுக் கடிதங்களை இப்படி முடித்தவர்கள், 1788 தொடக்கத்துக்குத் தாவி ஆடம்ஸ் விடைபெறும் கடிதங்களைப் பார்க்கலாம். ஊர் திரும்பக் காங்கிரஸ் அனுமதி கொடுத்தது, ஆனால் முறையான திரும்ப அழைப்புக் கடிதத்தை அனுப்ப மறந்துவிட்டது. அவர் நெதர்லாந்துக்கும் தூதராக இருந்ததால், அந்தக் குறையை நேர்செய்ய மார்ச் மாதம் நேரிலேயே ஹேகுக்குப் போக வேண்டியதாயிற்று. போன இடத்தில் ஜெஃபர்சனோடு சேர்ந்து ஆம்ஸ்டர்டாம் வங்கியாளர்களிடம் புதிதாகப் பத்து லட்சம் கில்டர் (டச்சு நாணயம்) கடனுக்கு ஏற்பாடு செய்துவிட்டு வந்தார்.

அதன் பிறகு பின்னோக்கிப் போங்கள். 1780 முதல் 1782 வரை ஆடம்ஸ் நெதர்லாந்தில் அங்கீகாரத்துக்கும் கடனுக்கும் அலைந்த கடிதங்கள் லண்டன் கடிதங்களைவிட விறுவிறுப்பானவை. 1782 ஏப்ரல் 19 அன்று டச்சு நாடாளுமன்றம் அவரை ஏற்றது, அந்த ஆண்டே 50 லட்சம் கில்டர் கடனும் கிடைத்தது. மூன்றாவதாகப் பிரான்சிஸ் டானாவை எடுங்கள். 1781-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய், இரண்டு ஆண்டுகள் காத்திருந்தும் பேரரசி இரண்டாம் கேதரினின் அவைக்குள் தூதராகக் கால்வைக்க முடியாமல் திரும்பியவர். பிரெஞ்சு பேச அவருக்குத் துணையாக இருந்தது 14 வயது ஜான் குவின்சி ஆடம்ஸ். ரஷ்யக் கடிதங்களுக்குப் போகும்போது அட்டவணையில் ஒரு பத்தியைக் கூட்டிக்கொள்ளுங்கள். ரஷ்யா அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது, மேற்கு ஐரோப்பாவுக்கு 11 நாள் பின்னால். சில கடிதங்களில் இரண்டு தேதியும் கோடு போட்டு இருக்கும், சிலவற்றில் ஒன்று மட்டும்தான் இருக்கும்.